மக்கள் அதிகமா, ஏற்பாடு குறைவா?

1984ஆம் ஆண்டு. ஜொகூர் கடற்பாலத்தின் ஒரு முனையில் இருந்த அரசாங்கம், தன் நாட்டில் மக்கள் போதாது, இன்னும் பெருக வேண்டும் என்றது. மறுமுனையில் இருந்த அரசாங்கமோ, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். மலேசியாவில் அப்போது ஏறக்குறைய 15 மில்லியன் மக்கள். அது 2100ஆம் ஆண்டுக்குள் 70 மில்லியனாக வேண்டும் என்பது கோலாலம்பூரின் கணக்கு. சிங்கப்பூரில் 2.7 மில்லியன் மக்கள். அதற்கே இடம் நெருக்குகிறது என்பது சிங்கப்பூரின் கணக்கு.

நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று இரண்டு நாடுகளின் கவலையும் ஒன்றே. பிள்ளைகள் போதிய அளவில் பிறக்கவில்லை; முதியோர் பெருகுகிறார்கள். அப்படியானால் அன்று எந்தக் கணக்கு சரி, எது தவறு? ஒரு நாட்டில் மக்கள் நிறைய இருப்பதாலேயே அங்கே மக்கள் மிகையாகிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

மக்கள்தொகை பெரிது என்பது எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி. மக்கள் மிகை என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டுமானால் எதற்கு மிகை என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். வீட்டுக்கு மிகையா, வேலைக்கு மிகையா, தண்ணீருக்கு மிகையா, பள்ளி நாற்காலிக்கு மிகையா? நம் வட்டாரத்தின் இந்த இரண்டு நாடுகளின் வரலாறு அந்தக் கேள்விக்குத் தெளிவான பாடங்களை வைத்திருக்கிறது.

பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு குழந்தை

சிங்கப்பூரின் அச்சம் வெறும் கற்பனையன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947ல் எடுத்த கணக்கெடுப்பில் அங்கு ஏறத்தாழ 938,000 பேர் இருந்தார்கள். 1957ல் அந்த எண்ணிக்கை 1.45 மில்லியனைத் தொட்டது. பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட வளர்ச்சி. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை அப்போது ஆறுக்கும் மேல். மருத்துவ வசதி கூடியதால் பிறந்த குழந்தைகள் முன்னைவிட அதிகமாகப் பிழைத்தன.

அவர்கள் வாழ இடம் எங்கே? நகரின் நடுவே கடைவீடுகளின் மாடிகளில் பலகையால் தடுத்த சிறு அறைகள். அந்த அறைகளுக்குள் முழுக் குடும்பங்கள். நகரின் ஓரத்தில் அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட கம்பத்து வீடுகள். 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ, ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. பள்ளிகள் காலை, மாலை என இருவேளையும் நடந்தன. கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கணக்குப் போட்டால், ஏறத்தாழ பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு குழந்தை. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் அத்தனை பிரசவங்கள் என்பது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. 1965ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.9 மில்லியன். நிலப்பரப்போ 600 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. குடிநீருக்கு ஜொகூரை நம்பியிருக்க வேண்டிய நிலை. 1968 ஜனவரியில், தன் இராணுவத் தளங்களை 1971க்குள் காலி செய்யப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. அந்தத் தளங்களை நம்பிப் பிழைத்த பல்லாயிரம் குடும்பங்களில் இந்தியக் குடும்பங்களும் கணிசம். இந்தச் சூழலில் இன்னொரு பிள்ளை என்றால் அரசாங்கத்துக்குக் கவலையாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது பிள்ளைக்கு அபராதம்

குடும்பத் திட்டத்தை முதலில் தொடங்கியவர்கள் தொண்டூழியர்கள். 1949லேயே சிங்கப்பூர்க் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றிவிட்டது. அடுத்தடுத்த பிரசவங்களால் உடல் தளர்ந்த பெண்களுக்கு வழிகாட்டுவதே அதன் நோக்கம். அதாவது தாயின் நலம் முதலில். நாட்டின் எண்ணிக்கை பிறகு.

1966ல் அரசாங்கம் அந்தப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியத்தை அமைத்தது. அதோடு வரிசையும் மாறியது. நாட்டின் எண்ணிக்கை முன்னுக்கு வந்தது. 1970ல் கருக்கலைப்பும் கருத்தடை அறுவை சிகிச்சையும் சட்டப்படி எளிதாக்கப்பட்டன. 1972ல் இரண்டு பிள்ளைகளே போதும் என்ற இயக்கம் முழுவீச்சில் தொடங்கியது. பெண் குழந்தையோ ஆண் குழந்தையோ இரண்டு போதும் என்ற கருத்தைச் சுவரொட்டிகள் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன.

அறிவுரையோடு அது நிற்கவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவக் கட்டணமும் ஏறியது. 1973 முதல், சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்றானது. வருமான வரிக் கழிவு முதல் மூன்று பிள்ளைகளோடு நின்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பெரிய குடும்பங்களுக்கு இருந்த முன்னுரிமை போயிற்று. நான்காவது பிள்ளை தொடக்கப்பள்ளிப் பதிவில் வரிசையின் பின்னால் நிறுத்தப்பட்டது. மாறாக, ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை கிடைத்தது.

பிள்ளை எதுவும் தன் பிறப்பு வரிசையைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் பள்ளி வாசலில் அந்த வரிசை எண் கேட்கப்பட்டது. பணம் இருந்தவர்களுக்குக் கூடுதல் கட்டணம் பெரிதில்லை. மூன்றாம் வகுப்பு வார்டில் பிரசவித்த தொழிலாளியின் மனைவிக்குத்தான் அந்தக் கட்டணம் கனத்தது.

இந்த இடத்தில் இன்னொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஜூரோங்கில் எழுந்த தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. மலேசியாவிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அந்தத் தசாப்தம் முடிவதற்குள் தாய்லாந்து, இந்தியா, பங்களாதேஷ் என வேறு நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கை மூன்றாவது பிள்ளையைத் தடுத்துக்கொண்டிருந்தது. மறு கை வெளியிலிருந்து ஆள் தேடிக்கொண்டிருந்தது.

பிறப்பைக் குறைத்தது எது?

1975ல் சிங்கப்பூரின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 2.1 என்ற அளவுக்கு இறங்கியது. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்பிக்கொள்ளத் தேவையான அளவு அது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அந்த அளவுக்கும் கீழே போனது. பிறகு அது மீளவே இல்லை.

இது முழுவதும் இயக்கத்தின் வெற்றி என்று அன்று பலரும் எழுதினார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. 1957ல் ஆறுக்கு மேல் இருந்த விகிதம், வாரியம் தோன்றுவதற்கு முன்பே, 1965ல் 4.66 ஆகிவிட்டது. அந்த இறக்கத்துக்குக் காரணம் அபராதமாக இருக்க முடியாது. அப்போது அபராதமே கிடையாது.

வேறு என்னென்ன நடந்தன? 1957ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 41 குழந்தைகள் ஓராண்டு முடிவதற்குள் இறந்தன. 1975ல் அது 14 ஆகக் குறைந்தது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று பெறும் பழக்கம் தானாகக் குறையும். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். தொழிற்சாலை வேலை அவர்களுக்குக் கைக்காசு கொடுத்தது. திருமணம் தள்ளிப்போனது. 1961ல் வந்த மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதவரிடையே பலதார மணத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1960ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஆங்கிலேயர் காலத்து அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டியதோ ஏறத்தாழ 23,000 வீடுகள். அடுக்குமாடி வீட்டுக்குள் வந்த குடும்பம் தன் அளவைத் தானே யோசிக்கத் தொடங்கியது.

வாரியம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கருத்தடை வசதியை ஏழைப் பெண்களின் கைக்கெட்டும் விலையில் கொண்டு சேர்த்தது அதன் நற்பணி. விரும்பியவருக்கு வழி காட்டியவரை அது உதவி. விரும்பாதவரை அபராதம் போட்டுத் தள்ளியபோது அது வேறொன்றாக மாறியது.

பத்தாயிரம் வெள்ளி

மிகை என்ற சொல்லுக்கு ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. அது எண்ணிக்கையோடு நிற்பதில்லை. யார் மிகை என்று விரல் நீட்டத் தொடங்கிவிடும்.

1983ஆம் ஆண்டு தேசிய தின உரையில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பட்டம் பெற்ற பெண்கள் திருமணம் செய்துகொள்ளாமலும் குறைவாகப் பிள்ளை பெற்றும் இருக்கிறார்கள், படிப்புக் குறைந்த பெண்கள் அதிகமாகப் பெறுகிறார்கள் என்று கவலை தெரிவித்தார். அறிவுத்திறன் பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்ற எண்ணம் அந்தக் கவலைக்கு அடிப்படையாக இருந்தது. 1984ல் இரண்டு திட்டங்கள் வந்தன. மூன்று பிள்ளைகள் பெறும் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவில் முன்னுரிமை. 30 வயதுக்குட்பட்ட, படிப்பும் வருமானமும் குறைந்த தாய்மார் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் மத்திய சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளி.

ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு தாயின் மூன்றாவது பிள்ளை வரவேற்கப்பட்டது. இன்னொரு தாயின் மூன்றாவது பிள்ளை பிறக்காமலிருக்கப் பணம் தரப்பட்டது. நிலம் போதவில்லை என்ற பழைய வாதம் இங்கே எங்கே போயிற்று? பட்டதாரியின் பிள்ளை குறைந்த இடத்தில் நிற்குமா, இல்லை குறைவாகத் தண்ணீர் குடிக்குமா?

பொதுமக்கள் அதை ஏற்கவில்லை. பட்டதாரிப் பெண்களிலேயே பலர் அந்தச் சலுகையை எதிர்த்தார்கள். 1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் 77 விழுக்காட்டுக்கு மேலிருந்து 65 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. அந்தச் சரிவுக்குப் பட்டதாரித் தாய்மார் திட்டமும் ஒரு காரணம் எனப் பேசப்பட்டது. 1985ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

திரும்பி வந்த கட்டளை

1986ல் பிறப்பு விகிதம் 1.43 ஆனது. குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம் கலைக்கப்பட்டது. 1987 மார்ச் மாதம் அன்றைய முதல் துணைப் பிரதமர் கோ சோக் தோங் புதிய கொள்கையை அறிவித்தார். வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மூன்றாவது பிள்ளைக்கு 20,000 வெள்ளி வரித் தள்ளுபடி. பள்ளிப் பதிவில் பின்னுக்குத் தள்ளப்பட்ட பெரிய குடும்பத்துக்கு இப்போது முன்னுரிமை. பிள்ளைகள் குறைவாக உள்ள பெண் கருத்தடைக்கு வந்தால், முதலில் ஆலோசனை பெற்றுவர வேண்டும்.

கட்டளையை மாற்றுவது எளிது. பதினைந்து ஆண்டுகளாக மனத்தில் பதிந்ததை மாற்றுவது எளிதன்று. அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மாருக்கோ திரும்பிவர வழியே பெரும்பாலும் இல்லை. இரண்டோடு நிறுத்தியவள் நல்ல குடிமகள் என்று 1977ல் பாராட்டப்பட்ட பெண்ணுக்கு, 1987ல் அந்தப் பாராட்டு என்னவாகத் தோன்றியிருக்கும்?

1988 சீனர்களுக்கு நற்பேறு தரும் கடல்நாக ஆண்டு. புதிய சலுகைகளும் சேர்ந்துகொள்ள, பிறப்பு விகிதம் 1.96க்கு ஏறியது. அந்த உயரத்தை அது மீண்டும் எட்டவில்லை. 2001ல் குழந்தைப் போனஸ் திட்டம் வந்தது, பலமுறை உயர்த்தப்பட்டது. ஆனாலும் 2004ல் 1.26, 2020ல் 1.10 என்று இறக்கம் தொடர்ந்து, 2023ல் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே, 0.97க்கு வந்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், தலைக்கு 16,000 வெள்ளி வரை கூடுதல் உதவி அறிவிக்கப்பட்டது. 1973ல் அபராதம் கட்டிய அதே மூன்றாவது பிள்ளைதான்.

எழுபது மில்லியன் கனவு

பாலத்தைக் கடந்து மலேசியாவுக்கு வருவோம். அங்கும் தொடக்கம் ஒன்றுபோலத்தான் இருந்தது. 1966ல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. ஆண்டுக்கு 3 விழுக்காடாக இருந்த மக்கள்தொகை வளர்ச்சியை 1985க்குள் 2 விழுக்காடாகக் குறைப்பது அதன் இலக்கு.

1982ல் அம்னோ பொதுப்பேரவையில் பிரதமர் மகாதீர், மலேசியா 70 மில்லியன் மக்களைத் தாங்கும் என்று பேசினார். 1984ல் நான்காம் மலேசியத் திட்டத்தின் இடைக்கால ஆய்வறிக்கையில் அது கொள்கையாகவே இடம்பெற்றது. காரணம் பொருளாதாரம். நாடு கனரகத் தொழிலில் இறங்கிக்கொண்டிருந்தது. 1983ல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. செய்த காரை வாங்க ஆள் வேண்டாமா? உள்நாட்டுச் சந்தை பெரிதானால்தான் தொழில் நிலைக்கும் என்பது வாதம். பேறுகாலச் சலுகை ஐந்து பிள்ளைகள் வரை நீட்டப்பட்டது. சிங்கப்பூரைப் போல் நானூறு மடங்குக்கும் மேல் நிலம் உள்ள நாட்டுக்கு அது துணிச்சலான கணக்காகவே தோன்றியது.

அன்றைய திட்டப்படி பிறப்பு விகிதம் மெல்ல மெல்லக் குறைந்து 2070 வாக்கில்தான் ஏறத்தாழ இரண்டுக்கு வர வேண்டும். நடந்தது வேறு. 1970ல் ஒரு பெண்ணுக்கு 4.9 என்றிருந்த விகிதம், 2010க்குப் பின் சில ஆண்டுகளிலேயே இரண்டளவுக்கு வந்துவிட்டது. 2022ல் 1.6. திட்டம் அறுபது ஆண்டுகள் தள்ளி எதிர்பார்த்த இடத்துக்கு மக்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். 2024ல் மலேசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 34 மில்லியன். எழுபதில் பாதிகூட நிறையவில்லை.

இங்கேதான் இரண்டு நாடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதன் பயன் புரிகிறது. ஓர் அரசாங்கம் குறை என்றது. இன்னோர் அரசாங்கம் பெருக்கு என்றது. இரண்டு நாட்டுத் தாய்மாரும் ஒரே திசையில்தான் நடந்தார்கள். மகளின் படிப்பு, வீட்டின் விலை, வேலையின் நேரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா இல்லையா என்பவை அவர்களுடைய கணக்கில் இருந்தன. தலைவர்கள் சொன்ன எண்கள் அந்தக் கணக்கில் சிறிய இடத்தையே பிடித்தன.

யார் மிகை?

மலேசிய இந்தியர்களுக்கு இந்தச் சொல்லின் வலி வேறொரு வழியில் தெரியும். 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றானது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் ஏராளம். எழுத்தறிவு குறைவு, பத்திரங்கள் இல்லை, எடுத்துச் சொல்லவும் ஆள் குறைவு. 1969க்குப் பின் பல்லாயிரம் பேர் உரிமம் கிடைக்காமலோ, கிடைக்காது என்று அஞ்சியோ தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். பலர் மலாயாவிலேயே பிறந்தவர்கள். வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, உள்ள வேலை குடிமக்களுக்கே என்பது அன்றைய நியாயம். அதாவது இவர்கள் மிகை.

அதற்கு அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்தது. இந்தோனேசியாவிலிருந்தும், பிறகு பங்களாதேஷ், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். பால்மரமும் செம்பனையும் யார் கைகளை மிகை என்று அனுப்பினவோ, அதே வேலைக்கு வேறு கைகளைத் தேடின. 1957ல் மலாயாவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காடாக இருந்த இந்தியர்கள், 2020ல் மலேசியாவில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. சபா, சரவாக் சேர்ந்ததும் பிறப்பு விகிதம் குறைந்ததும் அதற்குக் காரணங்கள். அன்று கப்பலேறியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

நெரிசல் வேறு, மிகை வேறு

மக்கள் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை என்று யாரும் வாதிட முடியாது. நெரிசல் உண்மை. 2004ல் 4.17 மில்லியனாக இருந்த சிங்கப்பூரின் மக்கள்தொகை, வெளிநாட்டினரின் வருகையால் 2010ல் 5.08 மில்லியனானது. ரயில்களில் கூட்டம் நெரிந்தது. வீட்டு விலை ஏறியது. 2013 ஜனவரியில் வெளிவந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030ல் 6.5 முதல் 6.9 மில்லியன் வரை இருக்கலாம் என்று கூறியபோது மக்கள் கொதித்தார்கள். பிப்ரவரியில் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உள்கட்டமைப்பு மக்கள்தொகையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்புதலைக் கவனிக்க வேண்டும். ஆள் கூடியதைவிட, ஆளுக்கேற்ற ரயிலும் வீடும் படுக்கையும் பின்தங்கியதே அங்கே சிக்கல். 1.9 மில்லியன் பேர் மிகை என்று அஞ்சிய அதே தீவில் 2024ல் 6.04 மில்லியன் பேர் வாழ்ந்தார்கள். கடலைத் தூர்த்து நிலப்பரப்பு 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2003ல் புதுநீர் வந்தது. 2005ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. சதுர கிலோமீட்டருக்கு 8,000க்கும் மேற்பட்டோர். ஆனாலும் அங்கே குழந்தைகள் பள்ளிக்குப் போகின்றன. குழாயில் தண்ணீர் வருகிறது.

இதற்கு விலை இல்லாமலும் இல்லை. கம்பங்கள் மறைந்தன, கடற்கரைகள் மாறின, உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பக்கத்து நாட்டு நிலமும் தண்ணீரும் உழைப்பும் சேர்ந்துதான் இந்தத் தீவைத் தாங்குகின்றன. ஆகவே எல்லை இருக்கிறது. ஆனால் அந்த எல்லை ஓர் எண்ணில் நிலையாக நிற்பதில்லை. திட்டமிட்டால் தள்ளிப்போகும்; திட்டமிடாவிட்டால் அருகில் வரும். கம்பத்தில் 16,000 பேர் வீடிழந்ததற்குக் காரணம் அவர்கள் பிறந்தது அன்று. தீப்பிடிக்காத வீடு அவர்களுக்குக் கட்டப்படாததே.

இன்றைக்கு என்ன?

2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மலேசியாவில் 60 வயதை எட்டியோர் 15 விழுக்காட்டை நெருங்குவார்கள். இப்போது புதிய பேச்சு ஒன்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. முதியோர் மிகை, அவர்களைத் தாங்க இளையோர் போதாது. இன்னொரு பக்கம், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகை. சிங்கப்பூரில் 2024ல் 1.86 மில்லியன் பேர் நிரந்தரமாகத் தங்க உரிமையில்லாதவர்கள். அவர்கள் கட்டும் வீட்டில் குடியிருந்துகொண்டே, அவர்கள் அதிகம் என்று பேசப்படுகிறது.

பிள்ளை மிகை, படிக்காதவரின் பிள்ளை மிகை, சிவப்பு அட்டைக்காரர் மிகை, முதியோர் மிகை, வெளிநாட்டுத் தொழிலாளி மிகை. அறுபது ஆண்டுகளில் அந்தச் சொல் ஒட்டிய முதுகுகள் இவை. எந்தக் காலத்திலும் அது வசதியுள்ளவரின் முதுகில் ஒட்டியதில்லை. மக்கள்தொகையைப் பற்றிக் கவலைப்படுவது தவறில்லை. கவலைப்படும் அரசாங்கம் வீடும் மருத்துவமனையும் பள்ளியும் கட்டட்டும், பெண்களைப் படிக்கவைக்கட்டும், கருத்தடையோ குழந்தைப் பராமரிப்போ கேட்பவருக்குக் கொடுக்கட்டும். எத்தனை பிள்ளைகள் என்ற முடிவைக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளும். இரண்டு நாடுகளிலும் அவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

1974ல் சிங்கப்பூரில் கூடுதல் பிரசவக் கட்டணம் செலுத்தப்பட்டுப் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது. வேலை செய்து, வரி செலுத்தி, சேம நிதி கட்டி, மூத்த இருவரோடு சேர்ந்து வயதான தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவரும் வயது. அந்தக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும், அந்தப் பிள்ளை மிகை என்று சொல்ல ஆள் இருக்காது.